கொலம்பியாவில் வளர்ந்த ஜப்பானியக் கல்வி

ஒரு மொழியின் கல்வி அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எவ்வாறு வேரூன்றுகிறது? அரசு ஆதரித்தால் வேரூன்றும் என்பர் சிலர். செல்வர் பொருள் வழங்கினால் வேரூன்றும் என்பர் வேறு சிலர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் நியூயார்க் மாநகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியும் இலக்கியமும் வளர்ந்த வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு, அரசும் பொருளும் அங்கே பின்னால் வந்து சேர்ந்தவை என்பதும், அவற்றுக்கு முன்பே ஓர் ஆசிரியரின் பொறுமை அந்த மண்ணைப் பண்படுத்தி வைத்திருந்தது என்பதும் விளங்கும். கற்பித்தலையே வாழ்க்கையாகக் கொண்டோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

இவ்வரலாற்றுக்கு ஒரு முன்னுரை உண்டு. அது ஜப்பானிலிருந்து அன்று, சீனத்திலிருந்து தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டில் கொலம்பியாவின் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டாயிரம் டாலர் பணமும் அதனுடன் இருந்தது. சீனக் கல்விக்கான நிதிக்குத் தம் பங்காக அதனை ஏற்கும்படி எழுதியிருந்தவர், 'ஒரு சீனர்' என்று மட்டும் தம்மைக் குறிப்பிட்டு, டீன் லங் எனக் கையெழுத்திட்டிருந்தார். அவர் வணிகருமல்லர், அறிஞருமல்லர். ஹொரேஸ் கார்ப்பென்டியர் என்னும் செல்வரின் வீட்டுப் பணியாளர். கார்ப்பென்டியர் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அவர் தம் பணியாளரின் பெயர் விளங்குமாறு ஒரு லட்சம் டாலர் வழங்கினார். அடுத்த ஆண்டிலேயே சீன மொழிக்குரிய பேராசிரியப் பதவி நிரப்பப்பட்டது. சீனத்தின் அரச மாளிகை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மடலங்கள் கொண்ட ஒரு மாபெரும் கலைக்களஞ்சியத்தை அன்பளிப்பாக அனுப்பியது. சீனத் தொழிலாளர் அமெரிக்காவிற்குள் நுழைவதைத் தடை செய்யும் சட்டம் அந்நாளில் நடைமுறையில் இருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். மனிதர்க்கு அடைக்கப்பட்ட கதவு, அம்மனிதர்களுள் ஒருவர் சேமித்த கூலியினால் அவர்தம் நூல்களுக்குத் திறந்தது. நம் முன்னோர் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் எழுதிவைத்த வக்ஃபுகளை அறிந்த நமக்கு, அந்தப் பணியாளரின் உள்ளம் அந்நியமாகத் தோன்றாது.

சீனக் கல்விக்கென எழுந்த அந்த மனையின் ஓர் ஓரத்தில்தான் ஜப்பானியக் கல்வி பிற்காலத்தில் இடம் பிடித்தது. அதற்குக் காரணமாக இருந்தவர் ரியூஸாகு ட்ஸுனோடா.

இவர் 1877ஆம் ஆண்டு ஜப்பானின் குன்மா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பின்னர் வஸேடா பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற கல்லூரியில் பயின்றார். இருபது வயதிலேயே, பதினேழாம் நூற்றாண்டின் கதாசிரியரான ஸைகாகுவைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1909இல் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று, அங்குக் குடியேறியிருந்த ஜப்பானியப் பிள்ளைகளுக்கான பள்ளியொன்றில் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தார். 1917இல், நாற்பதை எட்டிய வயதில், தாமே மாணவராகி நியூயார்க் வந்து கொலம்பியாவில் சேர்ந்தார். நாற்பது வயதில் மீண்டும் வகுப்பில் அமர்வது எளிதன்று. அதற்கு நாணம் துறத்தல் வேண்டும்.

அந்நாளைய அமெரிக்கர்க்கு ஜப்பானைப் பற்றித் தெரிந்தது மிகச் சொற்பம். பட்டும் பீங்கானும் வண்ணப் படங்களும் அவர்தம் வீடுகளில் இருந்தன. அவற்றைச் செய்த மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவந்துள்ளனர் என்பதை அறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஜப்பானியரின் வருகையையும் அறவே நிறுத்தியது. ட்ஸுனோடா அச்சட்டத்தை எதிர்த்து மேடையேறியவரல்லர். 1920களின் பிற்பகுதியில் அவர் தாய்நாடு சென்று, மிட்ஸுபிஷி நிறுவனங்களின் தலைவர் இவாஸாகி கோயாட்டா உள்ளிட்ட பெருமக்களின் ஆதரவைத் திரட்டி, நூல்களைச் சேகரித்துக்கொண்டு நியூயார்க் திரும்பினார். அவ்வாறு தோன்றிய ஜப்பானியப் பண்பாட்டு நூலகம் 1931ஆம் ஆண்டளவில் கொலம்பியாவின் உடைமையாயிற்று. ஜப்பானிய அரண்மனையும் பின்னர் அரிய நூல்களை வழங்கியது. ட்ஸுனோடாவே அத்தொகுதியின் காப்பாளர், அவரே விரிவுரையாளர். பெரும் பதவி எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. ஆனால் அங்கே ஜப்பானிய மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் 'ஸென்ஸேய்' என்னும் சொல்லைத் தனித்துச் சொன்னால், அது அவர் ஒருவரையே குறித்தது. நம்மூர்களில் 'உஸ்தாது' என்று மட்டும் சொன்னால் இன்னார் என்று ஊரே அறிந்துகொள்வது போல.

1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜப்பானியச் சிந்தனை வரலாறு என்னும் பாடத்தை அவர் நடத்த அறிவிப்பு வெளிவந்தது. வகுப்பிற்கு வந்தவர் ஒரே ஒரு மாணவர். பெயர் டொனால்ட் கீன், வயது பத்தொன்பது. தன் ஒருவனுக்காக இப்பெரியவரைத் துன்புறுத்துவது தகாது என்று எண்ணிய அவ்விளைஞர், வகுப்பைக் கைவிட்டு விடலாமா என்று கேட்டார். ஒருவர் போதும் என்பதே ஆசிரியரின் விடை. இதனைக் கீன் தம் வாழ்க்கை நினைவுகளில் பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார். அதற்குப் பின் நடந்ததுதான் அதனினும் வியப்புக்குரியது. ஒவ்வொரு வகுப்பிற்கும் ட்ஸுனோடா முன்னதாகவே வந்து, அன்றைய பாடத்திற்குரிய மூல வாசகங்களைக் கரும்பலகை நிறைய எழுதி வைப்பாராம். மாணவர் ஏதேனும் வினவினால் விடை காட்டுவதற்காக ஒரு சுமை நூல்களையும் தூக்கிவந்து மேசைமேல் அடுக்குவாராம். மாணவரோ அவ்வெழுத்துக்களுள் பெரும்பாலானவற்றைப் படிக்கவும் அறியாத நிலையில் இருந்தார். பார்த்துப் படியெடுத்துக்கொண்டார், அவ்வளவே.

நான் கற்பித்து வந்த மதரஸாவில் சில ஆண்டுகளில் ஒரு கிதாபை ஓதி முடிக்க ஒரே மாணவர் மிஞ்சியதுண்டு. அத்தகைய வகுப்புக்கு ஆயத்தம் செய்வதில் மனம் சற்றே சோம்பும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆகவேதான் ட்ஸுனோடா சுமந்துவந்த அந்த நூற்சுமையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்பால் மதிப்பு மிகுகின்றது.

இந்த மாணவர் ஜப்பானியத்தின்பால் வந்ததும் திட்டமிட்ட பயணமன்று. 1922இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த கீன், பதினாறு வயதில் உதவித்தொகை பெற்றுக் கொலம்பியாவில் சேர்ந்தவர். ஐரோப்பாவில் போர் மூண்டு, நாள்தோறும் நகரங்கள் வீழும் செய்தியால் மனம் நொந்திருந்த 1940ஆம் ஆண்டில், டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடையொன்றில் மலிவு விலைக் குவியலில் 'கென்ஜியின் கதை' அவர் கண்ணிற்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முராஸாகி என்னும் பெண்மணி இயற்றிய அப்பெருங்கதையை ஆர்தர் வேலி ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். விலை 49 சென்ட். பக்கத்தின் அளவுக்கு விலை குறைவு என்பதாலேயே வாங்கியதாகக் கீன் கூறுவார். வாளும் குண்டும் ஆளும் உலகில், அழகையும் துயரத்தையும் மட்டுமே பேசிய ஒரு நூல் அவருக்குப் புகலிடமாயிற்று.

அவ்வகுப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே, 1941 டிசம்பர் 7ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. மறுநாள் கீன் வகுப்பிற்குச் சென்றபோது ஆசிரியர் இல்லை. பகைநாட்டுக் குடிமகன் என்று அவரைக் காவலில் வைத்துவிட்டனர். அறுபத்து நான்கு வயது முதியவர்மேல் கூறப்பட்ட ஐயங்களுள் ஒன்று, நாய் இல்லாமல் தனியே நெடுந்தூரம் உலாவுகிறார் என்பதாம்! ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தகர்க்கும் எண்ணம் உண்டா என்றும் விசாரணையில் வினவப்பட்டதாகக் கீன் எழுதுகிறார். அவர் கூறிய விடைகளைக் கேட்ட நீதிபதி, எதிரே நிற்பவர் ஒற்றரல்லர், கவியுள்ளம் படைத்தவர் என உணர்ந்து விடுவித்தார். எல்லோர்க்கும் அத்தகைய நீதிபதி வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தினர், அவருள் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், வீடு வாசல் இழந்து முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

போர் மூண்ட பின்னரே அமெரிக்க அரசு தன் வறுமையை உணர்ந்தது. பகைவரின் மொழியைப் படிக்கத் தெரிந்த அமெரிக்கர் மிகச் சிலரே இருந்தனர். கடற்படை அவசரமாக மொழிப் பள்ளி நடத்தியது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த அப்பள்ளி 1942இல் கொலராடோவின் போல்டர் நகருக்கு மாற்றப்பட்டது. மேலைக் கடற்கரையில் ஜப்பானிய வம்சத்தினர் வாழக்கூடாது என்ற ஆணையால் ஆசிரியர்களே அங்கு இருக்க இயலாமற் போனமை அதற்குக் காரணம். தம் உறவினரை முகாமில் அடைத்த அரசின் படைவீரர்க்கு, அம்மக்கள் தம் தாய்மொழியைக் கற்பித்தனர்.

கீன் அக்கடற்படைப் பள்ளியில் பதினொரு மாதம் பயின்று ஹவாய்க்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர்முன் குவிந்தவை போர்க்களங்களில் கைப்பற்றிய தாள்கள். அவற்றில் ஒருவகை, மடிந்த ஜப்பானிய வீரர்களின் நாட்குறிப்புகள். குருதிக் கறையும் துர்நாற்றமும் படிந்திருந்ததால் பிறர் தொடத் தயங்கினர். எழுத்தோ விரைந்து கிறுக்கிய கூட்டெழுத்து. பழைய அரபுத்தமிழ்க் கையேடுகளைப் படிக்க முயன்றோர் அறிவர், அச்செழுத்தில் பழகிய கண்ணுக்குக் கையெழுத்து எத்துணைப் பெரிய தடையென்று. கீன் விடாது முயன்று படித்தார். பசி, காய்ச்சல், வீட்டு நினைவு, நெருங்கிவரும் மரணம் ஆகியவற்றை அவ்வீரர்கள் எழுதியிருந்தனர். சிலர் கடைசிப் பக்கத்தில், இதனைக் கண்டெடுக்கும் அமெரிக்கர் போருக்குப் பின் என் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்க வேண்டுமென ஆங்கிலத்தில் வேண்டியிருந்தனர். அவ்வாறே சேர்ப்பிக்கும் எண்ணத்துடன் சிலவற்றைக் கீன் ஒளித்துவைத்தார். அவை கண்டுபிடிக்கப்பட்டுப் பறிக்கப்பட்டன. தாம் உண்மையில் அறிந்த முதல் ஜப்பானியர்கள் அந்த இறந்த மனிதர்களே என்று அவர் பின்னாளில் கூறியதுண்டு. பகைவனை அறிவதற்கெனக் கற்பித்த மொழி, பகைவன் என்னும் சொல்லையே பொருளற்றதாக்கிவிட்டது.

போர் முடிந்ததும், இப்பள்ளிகளிற் பயின்ற இளைஞர் பலர் பல்கலைக்கழகங்களை நாடினர். 1946இல் கீன் திரும்பிவந்தபோது ட்ஸுனோடாவின் வகுப்பில் முன்போல் ஒருவர் மட்டும் இல்லை. சீருடை களைந்த வீரர்கள் பலர் இருந்தனர். ஆசிரியர் முன்போலவே கற்பித்தார். அவர் தூண்டுதலால் கீன், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிவியலை ஆர்வத்துடன் ஆராய்ந்த ஹோண்டா டோஷியாகி என்னும் சிந்தனையாளரை ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

இங்கு அம்மொழிக் கல்வியின் அருமையைச் சற்றே விளக்குதல் வேண்டும். இன்றைய ஜப்பானியம் அறிந்தவர்க்கும் பழைய இலக்கியத்தின் ஜப்பானியம் விளங்காது. அதற்கு மேலாக, ஜப்பானிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் சீன மொழியிலேயே எழுதினர். அந்தச் சீன வாசகத்தை ஜப்பானியர் வாசிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. வரியின் ஓரத்தில் சிறு குறிகள் இட்டு, எச்சொல்லை முன்னே எதைப் பின்னே கொள்வதெனக் காட்டி, கண் சீனத்தைப் பார்க்க நா ஜப்பானியத்தைச் சொல்லும். நம் மதரஸாக்களில் அரபு வாசகத்தை ஓதி, சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருள் வைத்து, இறுதியில் தமிழின் முறைக்கேற்ப வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் பழைய பாடமுறையை ஓரளவு இதனோடு ஒப்பிடலாம். இத்தகைய கல்வி புத்தகத்தால் மட்டும் வருவதன்று. படித்துக்காட்ட ஒருவர் அருகே வேண்டும். ட்ஸுனோடா தம் பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டவை மிகக் குறைவு. அவர் எழுதிய நூல்கள் என்று கேட்போர்க்கு அவர் மாணவர்களைத்தான் காட்ட வேண்டும்.

அம்மாணவருள் மற்றொருவர் வில்லியம் தியோடர் டி பேரி. ட்ஸுனோடாவின் வகுப்புப் பாடங்களை அடிப்படையாகக் கொண்டு, டி பேரியும் கீனும் ஆசிரியருடன் சேர்ந்து தொகுத்த 'ஜப்பானிய மரபின் மூலங்கள்' 1958இல் வெளிவந்தது. மூலநூல்களிலிருந்து பகுதிகளைப் பெயர்த்து முறைப்படுத்திய அத்தொகுப்பு அமெரிக்கக் கல்லூரிகளெங்கும் பாடநூலாயிற்று. அதே ஆண்டில் அதே வரிசையில் இந்திய மரபு பற்றிய தொகுதியும் வெளிவந்தது. இந்தியாவில் இஸ்லாமியச் சிந்தனைக்கு அதில் தனிப்பகுதி அமைந்திருப்பதையும் சொல்லிவைக்கலாம்.

கீனின் வழி அத்துணை நேரானதாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவர் ஐந்தாண்டு கற்பித்தார். 1952இல் அங்கே ஜப்பானிய இலக்கியம் பற்றிப் பொதுச் சொற்பொழிவுகள் ஆற்றியபோது பெரிய மண்டபத்தில் பத்துப்பேர் அளவில் வந்து அமர்ந்தனர். அவர்களுள்ளும் பலர் நண்பர்கள். மனமுடைந்து, ஜப்பானியத்தை விட்டு ரஷிய மொழிக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணினார். போகவில்லை. அச்சொற்பொழிவுகள் நூலாயின, இன்றும் படிக்கப்படுகின்றன. கியோட்டோவில் இரண்டாண்டு தங்கிக் கற்றபின், 1955இல் கொலம்பியாவின் ஆசிரியராகத் திரும்பினார்.

அரசின் பொருள் வந்தது அதன் பின்னரே. 1957இல் ரஷியா விண்ணில் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டிலேயே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்து, அயல்மொழிக் கல்விக்குப் பெருநிதி ஒதுக்கியது. பாதுகாப்பு என்னும் பெயரால் வந்த பணத்தில் மாணவர் படித்தது பத்தாம் நூற்றாண்டுக் காதற்கதைகளையும் நோ நாடகங்களையும்! ஆளுவோரின் நோக்கம் கல்வியைக் கறைப்படுத்தாதா என்று கண்டித்த அறிஞர்களும் உண்டு. அக்கண்டனத்தில் நியாயமில்லை என்று சொல்ல இயலாது. ஜப்பான் செல்வம் பெற்றபின் அதுவும் வழங்கத் தொடங்கியது: 1972இல் ஜப்பான் அறக்கட்டளை நிறுவப்பட்டது, 1973இல் அமெரிக்காவின் பத்துப் பல்கலைக்கழகங்களுக்குத் தலா பத்து லட்சம் டாலர் கிடைத்தது. கொலம்பியாவும் அவற்றுள் ஒன்று. 1986இல் கீனின் பெயரால் ஜப்பானியப் பண்பாட்டு மையம் அங்கே அமைந்தது.

அறுபதுகள் முதல் அங்கு ஆய்வு செழித்தது. ஐவன் மோரிஸ், கென்ஜியின் உலகைப் பற்றிய தம் நூலை 1964இல் வெளியிட்டார். போல்டர் பள்ளியில் பயின்ற எட்வர்ட் ஸைடன்ஸ்டிக்கர், கென்ஜியின் கதையை முழுதும் புதிதாக மொழிபெயர்த்து 1976இல் வெளியிட்டபின் இங்கு வந்து கற்பித்தார். கீனின் மாணவியான கேரன் பிரேஸெல், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைப் பெண்மணி ஒருவர் எழுதிய தன்வரலாற்றைப் பெயர்த்துத் தேசிய நூற்பரிசு பெற்றார். இன்னொரு மாணவியான பார்பரா ரூச், அரசகுலப் பெண்கள் துறவு பூண்டு வாழ்ந்த மடங்களின் ஏடுகளை ஆராய ஜப்பானியரையே தூண்டினார். வரலாற்றுத் துறையில் கேரல் கிளக், மெய்ஜி காலத்து அரசுக் கருத்துக்கள் உருவான விதத்தை ஆராய்ந்து 1985இல் எழுதிய நூல் குறிப்பிடத்தக்கது. இலக்கியத்தில் ஹாருவோ ஷிரானே கீனுக்குப்பின் வந்த தலைமுறையைப் பயிற்றுவித்தவர். கீன் தாமே, தொடக்க காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான ஜப்பானிய இலக்கிய வரலாற்றைப் பல ஆயிரம் பக்கங்களில் எழுதி 1993இல் நிறைவு செய்தார். ஜப்பானியரே அதனைத் தம் மொழியில் பெயர்த்துப் படிக்கின்றனர்.

ட்ஸுனோடா முதுமையிலும் நெடுங்காலம் வகுப்பை விடவில்லை. பல்கலைக்கழகம் பின்னாளில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1964 நவம்பரில், தாய்நாடு திரும்பும் பயணத்தின் இடையே, தாம் முதன்முதலாக அயல்மண்ணில் கற்பித்த ஹவாயிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது எண்பத்தேழு. அவர் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளுள் பெரும்பகுதி, ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடம் தரவில்லை. 1952இல்தான் அத்தடை நீங்கியது.

கீன் 2011ஆம் ஆண்டு வரை கொலம்பியாவில் கற்பித்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஜப்பானின் வடகிழக்கைப் பூகம்பமும் கடற்கோளும் அழித்து, அணு உலையும் வெடித்தபோது, அயல்நாட்டவர் பலர் அந்நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். கீன் தம் இறுதி வகுப்பை முடித்துக்கொண்டு டோக்கியோ சென்றார். 2012 மார்ச்சில், எண்பத்தொன்பதாம் வயதில், ஜப்பானின் குடிமகனானார். 2019 பிப்ரவரி 24ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.